ஸ்பைக் பஸ்டரை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறுங்கள்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் சொகுசுக் கப்பல்களில் தமிழ்க் குரல் கேட்காத தளம் இப்போது அரிது. 2022இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் இப்படிக் கப்பல் விடத் தொடங்கினார்கள். முதன்முறை ஏறுகிற நான்கு பேர் குடும்பத்தின் பையைத் திறந்தால் நாலு போன், இரண்டு வாட்ச், ஒரு டேப், ஒரு லேப்டாப், இயர்பட்ஸ், பவர் பேங்க் என்று வரிசையாக இருக்கும். அறையிலோ மேசைப் பக்கம் இரண்டு மூன்று சாக்கெட்தான். அந்தக் குறையைச் சமாளிக்க அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் பொருள்கள், ஏறும் நாளன்று டெர்மினல் எக்ஸ்ரேயில் அச்சுப் பிசகாமல் மாட்டிக்கொள்கின்றன.

ஈரக் கையால் தொடாதே, கிழிந்த வயரைச் செருகாதே என்பதெல்லாம் யாருக்கும் புதிதில்லை. கப்பலுக்கென்றே உள்ள தவறுகளை மட்டும் பார்ப்போம்.

சாக்கெட் என்னவென்று பார்க்காமல் அடாப்டர் வாங்குவது

பெரும்பாலான கப்பல்களில் இரண்டு வகை சாக்கெட் இருக்கும். தட்டைப் பின் செருகும் அமெரிக்க வகையில் 110 வோல்ட். உருண்டைப் பின் செருகும் ஐரோப்பிய வகையில் 220 வோல்ட். பெரும்பாலும் இரண்டிலுமே 60 ஹெர்ட்ஸ்தான். சில கப்பல்களில் பிரிட்டிஷ் சதுரப் பின் சாக்கெட்டும் உண்டு. நம் ஊர் மூன்று உருண்டைப் பின் பிளக் நேராக நுழையும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் எந்தச் சாக்கெட்டிலும் போடலாம். போன், லேப்டாப் சார்ஜர் எல்லாம் இப்படித்தான். டிரிம்மரும் முடி நேராக்கும் கருவியும்தான் சிக்கல். 220–240 என்று மட்டும் எழுதியிருந்தால் 110இல் அரைகுறையாகச் சூடாகும், இல்லையென்றால் ஓடவே ஓடாது. அடாப்டர் பின்னின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்டேஜை மாற்றாது.

இன்னொன்றைக் கவனிப்பவர் குறைவு. ஐரோப்பிய சாக்கெட் சுவரோடு சமமாக இருக்காது; ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் உள்ளே குழிந்திருக்கும். நம் போன் சார்ஜரின் இரண்டு பின்னும் அதற்குப் பொருந்தும் கனம்தான். ஆனால் சார்ஜரின் உடல் அகலமாக இருந்தால் குழியின் விளிம்பில் முட்டி நிற்கும். பின் உள்ளே எட்டாது, அல்லது நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். கப்பலின் அதிர்வில் அந்தத் தொடுகை விட்டு விட்டுச் சேரும். பொறி தட்டும், பிளாஸ்டிக் சூடாகும். கனமான யுனிவர்சல் அடாப்டரில் சார்ஜரைத் தொங்கவிட்டாலும் இதே கதைதான். குழிக்குள் முழுதாக இறங்கும் உருண்டை அடாப்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது சார்ஜரை அமெரிக்க சாக்கெட்டில் போட ஒரு சிறிய தட்டைப் பின் அடாப்டர்.

ஸ்பைக் பஸ்டர்

கம்ப்யூட்டர் உள்ள வீட்டிலெல்லாம் இது ஒன்று கிடக்கும். ஸ்பைக் கார்டு என்பார்கள், ஜங்ஷன் பாக்ஸ் என்பார்கள், வெறுமனே எக்ஸ்டென்ஷன் என்றும் சொல்வார்கள். கப்பல் நிறுவனத்தின் தடைப் பட்டியலில் ‘சர்ஜ் புரொடெக்டர்’ என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு, ‘நம்மிடம் இருப்பது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தானே’ என்று துணிக்கு நடுவில் சுருட்டி வைக்கிறார்கள். இது தெரியாமல் செய்வது, விட்டுவிடலாம். எரிச்சல் வருவது அடுத்த ரகத்திடம்தான். ‘கடலில் கரன்ட் ஏறி இறங்குமாம், அதனால் நல்ல கம்பெனி சர்ஜ் புரொடெக்டராகப் பார்த்து வாங்கினேன்’ என்று பெருமையாகக் காட்டுவார்கள். பாதுகாப்புக்கென்று காசு கொடுத்து வாங்கிய அந்தப் பகுதிதான் கப்பலில் தீப்பிடிக்கக்கூடிய பகுதி.

ஏன் என்று தெரிந்துகொண்டால் யாரும் இதைச் செய்யமாட்டார்கள்.

கரையில் உங்கள் வீட்டுக்கு வரும் இரண்டு கம்பியில் ஒன்று ஃபேஸ், மற்றது நியூட்ரல். நியூட்ரலைத் தெரு டிரான்ஸ்ஃபார்மரிலேயே மண்ணில் இறக்கியிருப்பார்கள். அதனால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பெரிதாக வோல்டேஜ் இராது. ஃபேஸை மட்டும் துண்டித்தால் போதும். ஸ்பைக் பஸ்டரின் சுவிட்சும் பிரேக்கரும் பொதுவாக அந்த ஒரு கம்பியைத்தான் துண்டிக்கின்றன.

கப்பலில் வழக்கம் வேறு. எந்தக் கம்பியையும் கப்பலின் இரும்பு உடலோடு இணைக்காமல் விட்டிருப்பார்கள். எங்கோ ஒரு கம்பியின் உறை தேய்ந்து உடலைத் தொட்டாலும் பிரேக்கர் விழாது. சுக்கானும் பம்பும் விளக்கும் ஓடிக்கொண்டேயிருக்கும். இன்சுலேஷனைக் கண்காணிக்கும் கருவி அலாரம் அடிக்கும், எலெக்ட்ரீஷியன் தேடிப் பிடித்துச் சரிசெய்வார். நடுக்கடலில் ஒரு சின்னப் பழுதுக்காகச் சுக்கான் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இதன் விளைவாக அறைச் சாக்கெட்டில் நியூட்ரல் என்று ஒன்று இல்லை. இரண்டு கம்பியிலும் உயிர் இருக்கும். இரண்டுக்கும் இடையே 110 வோல்ட் என்றால், ஒவ்வொன்றுக்கும் கப்பல் உடலுக்கும் இடையே சுமார் பாதி. மூன்று ஃபேஸில் இரண்டை எடுத்து 220 கொடுத்திருந்தால் ஒவ்வொன்றிலும் 127 அளவில்.

இப்போது ஸ்பைக் பஸ்டருக்குள் வாருங்கள். உள்ளே நாணயம் போன்ற சின்ன வட்டுகள் இருக்கும், பெரும்பாலும் நீல நிறத்தில். எம்ஓவி என்பது இதைத்தான். வோல்டேஜ் ஓர் அளவைத் தாண்டினால் அது கடத்தத் தொடங்கி, அதிகப்படியைத் திருப்பிவிடும். ஒரு வட்டு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருக்கும். ‘நல்ல’ ஸ்பைக் பஸ்டரில் கூடுதலாக இரண்டு: ஃபேஸிலிருந்து எர்த்துக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று. வில்லங்கம் இந்த இரண்டில்.

கப்பலின் சமையற்கட்டிலோ லாண்டரியிலோ ஒரு ஃபேஸ் உடலைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். அந்த நொடியிலிருந்து மற்ற கம்பிகள் உடலைப் பொறுத்து முழு வோல்டேஜுக்கு ஏறிவிடும். 127 இருந்த இடத்தில் 220. அது தொட்டும் தொடாமலும் பொறி பறக்கிற பழுதாக இருந்தால் அதைவிடவும் சில மடங்கு எகிறும். உங்கள் எர்த் வட்டு கடத்த ஆரம்பிக்கும். இடி விழும்போது வரும் மைக்ரோ விநாடி அதிர்ச்சியைத் தாங்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். இங்கே பழுதைக் கண்டுபிடிக்கும்வரை நிமிடக் கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் அது சுடும். பிரேக்கர் விழுந்தாலும் ஒரு கம்பிதான் துண்டாகும். உயிருள்ள மறு கம்பியிலிருந்து எர்த்துக்குப் பாய்வது நிற்காது. வட்டு கருகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பற்றும்.

காகிதத்தில் எழுதிய பயம் இல்லை இது. ஒரு கப்பலில் அறையில் ஒன்றும், கப்பலை ஓட்டும் கட்டுப்பாட்டு அறையில் ஒன்றுமாக இரண்டு முறை தீப்பிடிக்கப் பார்த்து, இரண்டுக்கும் கடையில் வாங்கிய சர்ஜ் புரொடெக்டரே காரணம் என்று கண்டுபிடித்த பிறகு, அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது.

புதிய கப்பல்கள் சிலவற்றில் அறைப் பகுதிக்கு மட்டும் எர்த் செய்த தனி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கலாம். உங்கள் அறை எந்த வகை என்று சாக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

‘அப்படியென்றால் போன் சார்ஜர் மட்டும் எப்படித் தாங்குகிறது?’ என்று கேட்கலாம். இரண்டு பின் சார்ஜருக்கு எர்த் தொடர்பே இல்லை. இரண்டு கம்பிக்கு நடுவே உள்ள வோல்டேஜ்தான் அதன் வேலை. உடலைப் பொறுத்து எது எவ்வளவு என்பது அதற்குத் தேவையில்லாத விஷயம்.

கையில் உள்ளதைக் கண்டுபிடிப்பது எளிது. அட்டையிலோ அடியிலோ ‘சர்ஜ்’, ‘ஸ்பைக்’, ‘எம்ஓவி’ என்ற சொற்கள், ஜூல் கணக்கில் ஓர் எண், ‘புரொடெக்டட்’ என்று எரியும் குட்டி விளக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது வேண்டாம். யுனிவர்சல் டிராவல் அடாப்டரையும், யூஎஸ்பி துளையோடு வரும் சதுர எக்ஸ்டென்ஷனையும் இதே கண்ணோடு பாருங்கள். அவற்றிலும் இது ஒளிந்திருக்கும். ரீசெட் பட்டனோ ஃபியூஸோ இருப்பது வேறு விஷயம், அது கரன்ட் மிகுந்தால் துண்டிக்க. ஆனால் அந்த வித்தியாசத்தை எக்ஸ்ரே பெல்ட் அருகே நின்று செக்யூரிட்டிக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பெட்டியில் கண்டுபிடித்தால் பெட்டி அறைக்கு வராது. இரவு உணவுக்கு மாற்றுத்துணி இல்லாமல், எந்தத் தளத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துப் போய், ஆள் முன்னால் பெட்டியைத் திறந்து காட்டி, பொருளை ஒப்படைத்துச் சீட்டு வாங்க வேண்டும். இறங்கும் நாளில்தான் திரும்பக் கிடைக்கும்.

சர்ஜ் இல்லாத எக்ஸ்டென்ஷன் என்றால் பரவாயில்லையா?

நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். சில, சர்ஜ் இல்லாவிட்டால் விடும். சில, சாக்கெட் உள்ள எந்தப் பெட்டியையும் விடாது. டிக்கெட் போட்ட பிறகு தடைப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். போன வருடம் போன நண்பர் சொன்னதை நம்பாதீர்கள், பட்டியல் மாறிக்கொண்டேயிருக்கிறது.

உண்மையில் எக்ஸ்டென்ஷனே தேவையில்லை. காலியம் நைட்ரைடு (GaN) வகை 65 வாட் சார்ஜர் ஒன்று, இரண்டு டைப்-சி, ஒரு சாதா யூஎஸ்பி துளையோடு, நேரே சுவரில் செருகுவதாக. லேப்டாப்பைத் தனியாகப் போட்டால் முழு 65 வாட்டும் அதற்குப் போகும்; கூடவே போனைச் செருகினால் பெரும்பாலான சார்ஜர்கள் 45-ம் 20-ம் என்று பிரித்துக்கொள்ளும். வாட்ச், இயர்பட்ஸ் மூன்றாவது துளையில். இரண்டு மீட்டர் கேபிள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், மேசையிலிருந்து கட்டில்வரை எட்டும். இரண்டாவது சார்ஜர் 30 வாட்டில் ஒன்று இருந்தால் நான்கு பேருக்குத் தாராளம். கட்டிலருகே பதித்திருக்கும் யூஎஸ்பி துளை பெரும்பாலும் மெதுவாகத்தான் ஏற்றும். இரவில் வாட்சுக்கு விட்டுவிடுங்கள்.

தூக்கத்தில் மூச்சுக்கு சிபாப் கருவி வைப்பவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். பயணத்துக்குச் சில வாரம் முன்பே நிறுவனத்துக்கு எழுதினால், கட்டில்வரை எட்டும் கப்பலின் சொந்த எக்ஸ்டென்ஷனைக் கொடுப்பார்கள்.

பாத்ரூம் ஷேவர் சாக்கெட்டில் போனைப் போடுவது

அதற்குப் பின்னால் இருப்பது குட்டி டிரான்ஸ்ஃபார்மர். தாங்குவது 20 முதல் 50 விஏ (ஏறக்குறைய வாட் மாதிரிதான்) வரை. ஷேவர், டூத்பிரஷ் தவிர எதுவும் வேண்டாம்.

கெட்டில், இஸ்திரிப் பெட்டி, குட்டி ரைஸ் குக்கர், வெந்நீர்க் கம்பி

கூடாது. குழந்தைப் பாலுக்கு வெந்நீர் வேண்டுமென்றால் அறைப் பணியாளரிடம் கேளுங்கள்.

கார்டு ஸ்லாட்டை ஏமாற்றுவது

கதவோரம் உள்ள ஸ்லாட்டில் அறைக் கார்டைச் சொருகினால்தான் விளக்கு எரியும். சில கப்பல்களில் சாக்கெட்டும் அதோடு சேர்ந்தே அணையும். பழைய ஹோட்டல் கார்டையோ விசிட்டிங் கார்டையோ சொருகிவிட்டு, ஐந்து சாதனங்களைச் சார்ஜில் போட்டுவிட்டு நீச்சல் குளத்துக்குப் போகிறார்கள். லித்தியம் பேட்டரி ஏறும்போது யாராவது அறையில் இருக்க வேண்டும். குளிக்கிற நேரம், உடை மாற்றுகிற நேரம் போதும். இப்போதைய போன் அரை மணியில் பாதி ஏறிவிடும்.

பவர் பேங்கைப் படுக்கையில் வைத்து ஏற்றுவது

தலையணைக்கும் கம்பளிக்கும் நடுவே சூடு வெளியேற வழியில்லை. மேசை மீது, வெறும் பரப்பில் வையுங்கள். பால்கனி நாற்காலியில் வெயிலில் விட்டுவிட்டு வருவதும் இதே தப்புதான். வயிறு உப்பியிருந்தால், சார்ஜ் ஏறுகிறதே என்று பார்க்காதீர்கள், கப்பலுக்கே கொண்டுவராதீர்கள்.

புகை வந்தால் பக்கத்தில் நின்று ஊதி அணைக்கப் பார்ப்பது, தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடுவது இரண்டும் ஆபத்து, கையிலேயே வெடிக்கும். எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். கதவும் சுவரும் தீயைச் சிறிது நேரம் அடக்கி வைக்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள். திறந்து வைத்தால் அந்த ஏற்பாடு வீண். வழியில் தென்படும் கப்பல் ஊழியரிடம் அறை எண்ணைச் சொல்லுங்கள், அல்லது தாழ்வாரத்துத் தீ அலாரத்தை அழுத்துங்கள். அறைப் போனில் ஒட்டியிருக்கும் அவசர எண்ணை முதல் நாளே உங்கள் போனில் போட்டு வைத்திருந்தால் வெளியிலிருக்கும் வேறெந்தக் கப்பல் போனிலிருந்தும் கூப்பிடலாம்.

ஈரத் துளையில் கேபிள்

குளத்திலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வந்ததும் செருகாதீர்கள். உப்பு ஈரத்தில் கரன்ட் பாய்ந்தால் டைப்-சி பின்கள் அரித்துப்போகும். ஈரம் இருக்கிறது என்று போன் எச்சரித்தால் அதைத் தள்ளிவிட்டு ஏற்றாதீர்கள். துளை கீழ்நோக்கியிருக்க நிறுத்தி வைத்து, காயவிட்டுப் போடுங்கள். அவசரமென்றால், போன் அந்த வகையாக இருந்தால், வயர்லெஸ் பேடில் வைக்கலாம்.

கடைசி இரவு பெட்டியோடு பவர் பேங்கை வெளியே வைப்பது

இறங்குவதற்கு முந்தின இரவு பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். மறுநாள் டெர்மினலில்தான் கையில் கிடைக்கும். அங்கிருந்து நேரே சாங்கி விமான நிலையம் போகிறவர்கள் பெட்டியைத் திறக்காமலேயே செக்-இன் செய்துவிடுகிறார்கள். பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில் மட்டுமே வர வேண்டும். 100 வாட்-மணிவரை அனுமதி கேட்கத் தேவையில்லை. பவர் பேங்க் மேல் எழுதியிருக்கும் எம்ஏஎச் (mAh) எண்ணை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள்: 20,000 என்றால் 74 வாட்-மணி, 27,000 என்றால் வரம்பை ஒட்டி நிற்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கிலிருந்து போனுக்கு ஏற்றுவதையும் தடை செய்துவிட்டன. ஆகவே அந்தக் கடைசி இரவு சார்ஜரையும் ஒரு கேபிளையும் கைப்பையில் தனியே எடுத்து வைத்து, போனை முழுதாக ஏற்றிக்கொண்டு இறங்குங்கள். போர்டிங் பாஸ் அதில்தான் இருக்கும்.