சாமி கும்பிடாத மருமகள் சொந்தக்காரர்களோடு குப்பை கொட்டுவது எப்படி

கல்யாணமாகி 22 வருஷம். புகுந்த வீடு முசிறிப் பக்கம். "எல்லாம் நல்ல பிள்ளைதான், சாமிதான் கும்பிடாது" என்பார்கள் என்னை. என் வீட்டுக்காரரும் கும்பிடுவதில்லை; அவரை "பெரியார் கட்சி" என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். விளக்கேற்றாத பொம்பளை என்றால்தான் குடும்பத்துக்கே ஆகாது. என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இது உதவும்.

குலசாமி கும்பிடுக்குப் போய்விடுங்கள். புதுசில் நான் கொள்கை என்று வீட்டிலேயே இருந்தேன். ஆறு மாசம் அதுதான் பேச்சு. சாமியை மதிக்காத கோபத்தைவிட, நாற்பது பேருக்கு ஆக்கிப்போட ஓர் ஆள் குறைந்த கோபம்தான் அதில் பெரிது. இப்போது வேனில் முதல் ஆள் நான்தான். கிடா வெட்டி முடிந்ததும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவேன்.

பூசாரி விபூதித் தட்டோடு வரும்போது வரிசையில் கடைசியாக நிற்காதீர்கள், எல்லார் கண்ணும் உங்கள் மேல்தான் இருக்கும். கையில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நில்லுங்கள். தலையை லேசாக ஆட்டினால் அவர் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். மாமியார் கட்டைவிரலால் தானே நெற்றியில் இழுத்துவிட்டால் துடைக்காதீர்கள். நான் ஒருமுறை அவர் எதிரிலேயே துடைத்தேன். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அதிலிருந்து முகம் கழுவும்வரை விட்டுவிடுகிறேன். அதற்காக எல்லோருக்கும் நெற்றியைக் காட்ட வேண்டாம். "பூசிக்கிட்டாத்தான் பந்தி" என்று ஒரு பெரியவர் சொன்னபோது எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பரோட்டா.

வாதாடாதீர்கள், அதுவும் ஆஸ்பத்திரியில். மகளுக்கு டெங்கு வந்தபோது வார்டு வாசலிலேயே ஒரு சித்தி "நீ கும்பிடாத வினைதான்" என்றார். "பிளேட்லெட் ஏறட்டும் சித்தி, அப்புறம் பேசுவோம்" என்றேன். ஏறியது. அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கடவுள் உண்டா என்பதில் காட்டும் வேகத்தைக் காகிதத்தில் காட்டுங்கள். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் சாதி, மதத்தை எழுதாமல் விடலாம் என்று 1973-லேயே தமிழக அரசாணை இருக்கிறது. நகலைக் கையோடு கொண்டுபோங்கள். சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் இட ஒதுக்கீடு போய்விடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் கடவுள் பெயரைச் சொல்லாமல் "உளமார உறுதி கூறுகிறேன்" என்றால் போதும், 1969-ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டம் இடம் தருகிறது. சுயமரியாதைக் கல்யாணம் இந்து திருமணச் சட்டம் 7ஏ பிரிவின்படி இங்கே செல்லும், ஐயர் வேண்டாம். மாப்பிள்ளையோ பெண்ணோ வேறு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம்தான். 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். உடல் தானத்துக்கு எழுதிவைத்தால் மட்டும் போதாது. செத்த பிறகு வீட்டு ஆட்கள் சம்மதித்தால்தான் மருத்துவக் கல்லூரிக்குப் போகும். வாயாடுகிற சொந்தக்காரர் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

எல்லா வீடும் எங்கள் வீடு மாதிரி இல்லை. கோவையில் 2017 மார்ச்சில் ஃபாரூக் என்ற இளைஞரை நாத்திகம் பேசியதற்காக வெட்டிக் கொன்றார்கள். உங்கள் வீட்டில் அடி விழும், படிப்பை நிறுத்துவார்கள் என்றால் கும்பிட்டுவிட்டுப் போங்கள். சம்பளமும் சாவியும் உங்கள் கைக்கு வரட்டும்.

உங்களுக்காக வேண்டிக்கொள்கிறவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது நாத்தனார் சமயபுரத்துக்கு மொட்டை நேர்ந்துகொண்டிருக்கிறார். எனக்கு மூன்று மாசம் கழித்துத்தான் தெரியும். கோபம்தான் வந்தது, யாரைக் கேட்டு என்று. ஆனால் கூடவே போனேன். முடி இறக்கியதும் சந்தனத்தைக் குழைத்து அவர் தலையில் நான்தான் பூசினேன். கத்தி பட்ட இடத்தில் எரிந்ததோ என்னவோ, முகத்தைச் சுளித்தார்.

"உள்ள வர்றியா புள்ள?"

"நீங்க போயிட்டு வாங்க அண்ணி, செருப்பைப் பாத்துக்கிறேன்" என்றேன்.