லண்டன் கூரையில் சோலார்: கணக்கு எங்கே பிசகுகிறது?

லண்டன் பக்கம் வீட்டுக் கூரையில் 4 கிலோவாட் சோலார் போட ஏறக்குறைய 7,000 பவுண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தெற்குப் பார்த்த, நிழல் விழாத கூரை என்றால் வருடத்துக்குச் சுமார் 3,600 யூனிட் கிடைக்கும். விற்க வருபவர் இதை யூனிட் விலையான 25 பென்ஸால் பெருக்கி, "வருடம் 900 பவுண்ட் மிச்சம், எட்டு வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும்" என்பார். பெருக்கல் சரிதான். ஆனால் அத்தனை யூனிட்டையும் நீங்களே செலவழித்தால்தான் அது செல்லும்.

பகலில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீட்டில் 1,400 யூனிட் பயன்பட்டாலே அதிகம். அதில் மிச்சம் 350 பவுண்ட். மீதி 2,200 யூனிட் கிரிட்டுக்கு, அதாவது பொது மின் இணைப்புக்குப் போகும். அதை 10 பென்ஸுக்கு விற்றால் 220 பவுண்ட். போட்ட பணம் திரும்ப 12 வருடம் ஆகும். 4 பென்ஸ் என்றால் 16 வருடம். வீட்டு சோலார் மின்சாரத்தை மின் நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்குவதற்காக 2020 முதல் நடப்பில் இருக்கும் ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கியாரண்டி திட்டம், விலை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறதே தவிர எவ்வளவு என்று சொல்வதில்லை. அதனால் விசாரித்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கிக்கொண்டு வேறொன்றிடம் விற்கலாம். சோலாரைத் தரப்படி பொருத்தியதற்கான எம்சிஎஸ் சான்றிதழும் ஸ்மார்ட் மீட்டரும் கேட்பார்கள். விண்ணப்பமே போடாவிட்டால் போகிற மின்சாரம் ஊருக்குத் தானம்தான். அப்புறம், வாஷிங் மெஷினுக்கு மதியம் 12 மணிக்கு டைமர் வையுங்கள். செலவில்லாத லாபம் அது.

வருட மொத்தத்தை 12 ஆல் வகுத்து மாத பில்லில் கழிப்பது அடுத்த தவறு. ஜூனில் நாளுக்கு 15 யூனிட் தரும் கூரை டிசம்பரில் 3 யூனிட் தந்தால் பெரிது. குளிரைப் பழிக்க வேண்டாம், பேனல் சூடேறினால்தான் உற்பத்தி குறையும். இங்கே வில்லன் குறுகிய பகலும் தாழ்வாகப் போகும் சூரியனும்தான். ஜூலையில் வந்து கூரையைப் பார்த்துவிட்டு "நிழலே இல்லை" என்று சொல்லிப் போவார்கள். டிசம்பரில் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியின் நிழல் பேனல் மேல் நீளமாகப் படுத்துக் கிடக்கும்.

பேட்டரி வாங்கினால் கோடை மின்சாரத்தைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. 5 யூனிட் பேட்டரி ஒரு மாலைப் பொழுதுக்குத்தான் காணும்.

பேனல் 25 வருடம் உழைக்கும், சரி. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரை 10, 15 வருடத்தில் மாற்ற வேண்டி வரும். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. புறாவையும்தான். பேனலுக்கு அடியில் கூடு கட்டிவிட்டால், விரட்டி வலை அடிக்க மறுபடி சாரம் கட்ட வேண்டும், சாரத்துக்கே நல்ல தொகை போய்விடும். முதல் முறை சாரம் நிற்கும்போதே வலையையும் போடச் சொல்லிவிடுங்கள்.

வீட்டு சோலாருக்கு 2027 மார்ச் 31 வரை வாட் வரி கிடையாது. அதையே தன் தள்ளுபடி போலக் காட்டி அவசரப்படுத்துபவரிடம் கையெழுத்துப் போடாமல், இன்னும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள்.