மெய்நிகர் கணினியில் ஹைக்கூ இயங்குதளத்தை நிறுவுவது எப்படி?

புதிய இயங்குதளம் ஒன்றை முயன்று பார்க்க விரும்பும் பலர், வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கச் சொல்லும் திரை வந்ததும் தயங்கி நிறுத்திவிடுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே; உண்மையான கணினியில் தவறான வட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த படங்களும் ஆவணங்களும் ஒரு நொடியில் போய்விடும். மென்பொருள் மூலம் நம் கணினிக்குள்ளேயே உருவாக்கப்படும் மெய்நிகர் கணினியிலோ வன்தட்டு என்பது உங்கள் கணினியில் உள்ள ஒரு கோப்பு மட்டுமே. அதை எத்தனை முறை அழித்தாலும் வேறெதற்கும் சேதமில்லை என்பதால், வட்டுப் பிரிப்பைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்தப் பயிற்சிக்கு நான் ஹைக்கூவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 1990களில் வெளிவந்த பீஓஎஸ் இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனத்தின் சொத்துகள் 2001இல் பாம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது, அதே வடிவமைப்பைத் திறமூல முறையில் மீண்டும் எழுத ஆர்வலர்கள் தொடங்கிய திட்டம் இது. ஹைக்கூ என்ற பெயர் 2004இல் வந்தது. இது லினக்ஸ் வகையைச் சேர்ந்ததல்ல. எடை குறைந்தது, விரைவாகத் தொடங்குவது; எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டுப் பிரிப்பை மறைக்காமல் நம் கையாலேயே செய்ய வைப்பது.

தொடங்கும் முன்

இங்குள்ள வழிமுறை இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி உள்ள கணினிகளுக்கு உரியது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 'வர்ச்சுவலைசேஷன்' என்பதற்கு எதிரே 'எனேபிள்டு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயாஸ் (இயங்குதளத்துக்கு முன்பே தொடங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புக்குள் சென்று விடி-எக்ஸ் (ஏஎம்டி என்றால் எஸ்விஎம்) என்ற தேர்வை இயக்க வேண்டும். பிறகு மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நிறுவிக்கொள்ளுங்கள். ஹைக்கூவின் தளத்தில் 64 பிட், 32 பிட் என இரண்டு பதிப்புகள் இருக்கும். பழைய பீஓஎஸ் மென்பொருள்களை இயக்கும் தேவை உள்ளவர்களுக்கே 32 பிட் பயன்படும். நீங்கள் 64 பிட் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் குறுவட்டின் நகலான கோப்பு)ப் பதிவிறக்குங்கள்.

மெய்நிகர் கணினியை உருவாக்குதல்

விர்ச்சுவல்பாக்ஸில் 'நியூ' பொத்தானை அழுத்திப் பெயர் கொடுத்து, வகையாக 'அதர்' என்பதையும் பதிப்பாக 'அதர்/அன்னோன் 64 பிட்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். நினைவகத்துக்கு 2 ஜிபி, செயலிக்கு 2 கோர், வன்தட்டுக்கு 16 ஜிபி போதும். கோப்பு தேவைக்கேற்ப மெல்ல வளரும் வகையில் அமைந்தால், 16 ஜிபி இடமும் உடனே பிடிக்கப்படாது. பயாஸுக்கு மாற்றான இஎஃப்ஐ தேர்வை இயக்காமல் விட்டுவிடுங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, நாட் இணைப்பும் (உங்கள் கணினியின் இணையத்தையே பகிர்ந்துகொள்வது) 'இன்டெல் ப்ரோ/1000 எம்டி டெஸ்க்டாப்' அட்டையும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், இணையம் தனி அமைப்பு எதுவுமின்றி இயங்கும். கடைசியாக, ஸ்டோரேஜ் பகுதியில் உள்ள குறுவட்டு இயக்கியில் ஐஎஸ்ஓ கோப்பை இணைத்து 'ஸ்டார்ட்' அழுத்துங்கள்.

தொடக்கத் திரையில் சிறு சின்னங்களின் வரிசை ஒன்று தோன்றி, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒளிரும். கடைசியில் இருப்பது ராக்கெட். நடுவில் ஏதேனும் ஒரு சின்னத்திலேயே நின்றுவிட்டால், மெய்நிகர் கணினியை மறுதொடக்கம் செய்து, தொடக்கத்திலேயே ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். அப்போது வரும் பட்டியலில் பாதுகாப்புத் தேர்வுகளைத் திறந்து, ஃபெயில்-சேஃப் கிராபிக்ஸ் இயக்கியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

வட்டைப் பிரித்தல்

வரவேற்புத் திரையில் மொழியைத் தேர்ந்தெடுத்து நிறுவல் பொத்தானை அழுத்தியதும், நிறுவுவதற்கேற்ற பகுதி எதுவும் இல்லை என்ற செய்தி வரும். இது பிழையன்று, வட்டு இன்னும் வெறுமையாக இருக்கிறது என்பதே அதன் பொருள். அங்கிருந்து 'டிரைவ்செட்டப்' கருவியைத் திறந்து, பட்டியலில் உள்ள அளவுகளை நிதானமாகப் படியுங்கள். 16 ஜிபி அளவில் ஒரு வட்டும், ஐஎஸ்ஓ கோப்புக்குரிய சிறிய பகுதிகளும் மட்டுமே தெரியும். உங்கள் உண்மையான வன்தட்டு அந்தப் பட்டியலில் எங்குமே இருக்காது. அதைக் கண்ணால் பார்த்த பின்பு பயத்துக்கு இடமேது?

அந்த 16 ஜிபி வட்டைத் தேர்ந்தெடுத்து, 'டிஸ்க்' பட்டியில் 'இனிஷியலைஸ்' என்பதன் கீழ் 'இன்டெல் பார்ட்டிஷன் மேப்' என்பதைச் சொடுக்குங்கள். இது வட்டின் தலைப்பகுதியில், எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் குறித்துவைக்கும் அட்டவணையை எழுதுகிறது. அடுத்து, வெற்றிடமாகத் தெரியும் வரியைத் தேர்ந்தெடுத்து 'பார்ட்டிஷன்' பட்டியில் 'கிரியேட்' கொடுங்கள். முழு அளவையும் ஒதுக்கி, வகையாக 'பீ ஃபைல் சிஸ்டம்' என்று வைத்து, 'ஆக்டிவ்' என்ற கட்டத்தில் மறக்காமல் குறியிடுங்கள். கணினி எந்தப் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தக் குறியே சொல்கிறது. இறுதியாக, புதிய பகுதியை அதே 'பீ ஃபைல் சிஸ்டம்' வடிவில் ஃபார்மட் செய்து, 'ஹைக்கூ' என்று பெயரிட்டு, டிரைவ்செட்டப்பை மூடுங்கள்.

அட்டவணை எழுதுவது, பகுதி உருவாக்குவது, ஃபார்மட் செய்வது ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகள் என்பது இங்கே தெளிவாகிவிடும். எந்த இயங்குதளத்தை நிறுவினாலும் இந்த மூன்றும் நடக்கின்றன. பல நிறுவிகள் அவற்றை ஒரே பொத்தானுக்குள் வைத்துவிடுவதால்தான் நமக்குப் புரியாமல் போகிறது.

நிறுவல்

இன்ஸ்டாலர் சாளரத்துக்குத் திரும்பி, இலக்காக 'ஹைக்கூ' பகுதியைத் தேர்ந்தெடுத்து 'பிகின்' அழுத்தினால் கோப்புகள் நகலாகத் தொடங்கும். முடிந்ததும் 'ரீஸ்டார்ட்' அழுத்துங்கள்.

முதன்முறை நான் இந்த இடத்தில்தான் தடுமாறினேன். மறுதொடக்கத்துக்குப் பிறகு மீண்டும் அதே வரவேற்புத் திரை வந்ததால், நிறுவல் தோற்றுவிட்டதென்று எண்ணி எல்லாவற்றையும் இரண்டாவது முறை செய்தேன். உண்மையில் ஐஎஸ்ஓ இன்னும் குறுவட்டு இயக்கியிலேயே இருந்தது. விர்ச்சுவல்பாக்ஸ் வன்தட்டுக்கு முன்பாகக் குறுவட்டைத்தான் தேடும். ஆகவே சாளரத்தை மூடி 'பவர் ஆஃப்' கொடுத்து, ஸ்டோரேஜ் பகுதியில் ஐஎஸ்ஓவை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

முதல் பயன்பாடு

இப்போது மஞ்சள் தலைப்புப் பட்டை கொண்ட சாளரங்களும், திரையின் வலது மேல் மூலையில் பட்டியல்களைத் திறக்க உதவும் டெஸ்க்பாரும் தெரியும். நகலெடுக்க கண்ட்ரோல்-சி வேலை செய்யவில்லையென்று திகைக்க வேண்டாம். ஹைக்கூவில் இயல்பாக ஆல்ட் விசையே அந்த வேலையைச் செய்கிறது. சுட்டி சாளரத்துக்குள் சிக்கிக்கொண்டால் வலப்பக்க கண்ட்ரோல் விசை அதை விடுவிக்கும். மென்பொருள்களை 'ஹைக்கூடிப்போ'விலிருந்து நிறுவலாம்.

புதுப்பிப்புகளை நிறுவுவதற்கு முன், டெஸ்க்பாரின் இலைச் சின்னத்தைச் சொடுக்கி முறைப்படி அணைத்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து அதற்கு 'புதிய நிறுவல்' என்று பெயரிடுங்கள். பிறகு ஹைக்கூவை மீண்டும் தொடங்கி 'சாஃப்ட்வேர்அப்டேட்டர்' கருவியை இயக்குங்கள். ஏதேனும் கெட்டுப்போனால், மெய்நிகர் கணினி அணைந்திருக்கும்போது அந்த ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து 'ரெஸ்டோர்' கொடுத்தால், இன்றைய நிலைக்கே திரும்பிவிடலாம்.