பத்தி எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பாடசாலை மலர்களுக்கும் சனசமூக நிலையக் கையெழுத்துச் சஞ்சிகைகளுக்கும் எழுதப்படும் எழுத்தாளர் அறிமுகங்கள் பெரும்பாலும் பிறந்த ஊர், கற்ற கல்லூரி, எழுதிய நூல்கள், மறைந்த நாள் என்ற வரிசையோடு முடிந்துவிடுகின்றன. நாவலாசிரியருக்கு அது ஓரளவு போதும். கிழமைதோறும் பத்திரிகைக்கு எழுதியவருக்குப் போதாது, ஏனெனில் அவருடைய வாழ்வின் பெரும்பகுதி அந்தக் கிழமைகளில்தான் இருக்கிறது. பிரித்தானிய எழுத்தாளரான ஜோர்ஜ் ஓர்வெல்லை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்ப்போம்.

முதலில் கொப்பியின் ஒரு பக்கத்தை நடுவே கோடிட்டு, இடப்புறம் அவர் எங்கே என்ன வேலையில் இருந்தார் என்பதையும், வலப்புறம் அக்காலத்தில் எந்த இதழுக்கு எழுதினார் என்பதையும் ஆண்டுவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எரிக் ஆர்தர் பிளேயர் என்ற இயற்பெயருடைய அவர் 1903இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தார். 1922 முதல் 1927 வரை பர்மாவில் பொலிஸ் அதிகாரியாக இருந்தார். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் 1937 மே மாதம் கழுத்தில் சூடுபட்டுத் தப்பினார். 1941 முதல் 1943 வரை பிபிசியில் பணியாற்றினார். இவ்வளவையும் ஒரு பந்தியில் கடந்துவிடலாம். அவர் கற்ற ஈட்டன் கல்லூரிக்கு ஒரு வரியே தாராளம் என்பது என் எண்ணம்.

வலப்புறம் நிரம்பத் தொடங்குவது 1943 டிசெம்பரில். ட்ரிபியூன் வார இதழின் இலக்கிய ஆசிரியராக இருந்த அவர் அப்போது தொடங்கிய ‘ஆஸ் ஐ பிளீஸ்’ என்னும் பத்தி, இடையில் நீண்ட காலம் நின்றிருந்தாலும், 1947 வரை 80 தடவை வெளிவந்தது. அந்த இடைவெளியில்தான், 1945 ஆகஸ்டில், ‘விலங்குப் பண்ணை’ நூலாயிற்று. எனவே நாவலைத் தனியே தூக்கி வைக்காமல் பத்திகளுக்கு நடுவே வைத்து எழுதுங்கள்.

அடுத்து, ஒரு கட்டுரையையாவது முழுமையாக வாசித்து, அது வெளியான நாட்களின் நிலைமையோடு பொருத்துங்கள். 1946 ஜனவரி 12ஆம் திகதி ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில், நல்ல தேநீருக்கு 11 விதிகள் வகுக்கிறார். இந்தியத் தேயிலையோ இலங்கைத் தேயிலையோதான் வேண்டும், கோப்பையில் தேநீரை ஊற்றிய பிறகே பாலைச் சேர்க்கவேண்டும், சீனி கூடவே கூடாது என்று கண்டிப்புக் காட்டுவது முதல் வாசிப்பில் வேடிக்கையாகவே படும். ஆனால் போர் முடிந்த பின்னும் பிரித்தானியாவில் தேயிலை பங்கீட்டில்தான் கிடைத்தது. அந்த நிலை 1952 வரை நீடித்தது. இரண்டு அவுன்சிலிருந்து, அதாவது ஏறக்குறைய 57 கிராமிலிருந்து, இருபது கோப்பை எடுக்கலாம் என்று அவர் கணக்குச் சொல்லி முடிக்கும் இடத்தில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரத்தையும் மண்ணெண்ணெயையும் அளந்து செலவிட்ட வன்னி வாசகருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆகவே அந்த இடத்தில் தயங்காமல் நின்று, நாலு வசனம் கூடுதலாகவே எழுதுங்கள்.

இறுதி ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: காசநோயோடு எழுதி முடித்த ‘1984’ நாவல் 1949 ஜூனில் வெளிவந்தது, 1950 ஜனவரி 21ஆம் திகதி, 46 வயதில், லண்டன் மருத்துவமனையொன்றில் காலமானார்.

பிரித்தானியாவில் அவருடைய எழுத்துகளின் பதிப்புரிமை 2020ஆம் ஆண்டு முடிவோடு காலாவதியாகிவிட்டதால், பத்திகள் பலவற்றைக் கைபேசியிலேயே மூலமொழியில் வாசிக்கலாம். மேற்கோளை நீங்களே தமிழாக்கி, பக்கத்தில் இதழின் பெயரையும் திகதியையும் இடுங்கள். அவர் பெயரில் உலவும் பொன்மொழிகள் பலவற்றுக்கு அப்படியொரு திகதி அகப்படாது, அகப்படாதவற்றைச் சேர்க்கவேண்டாம்.