வீட்டுச் சாமான்களில் ஹாலோவீன்: தெர்மோகோல் கல்லறையும் பால் கேன் பேயும்

பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் அக்டோபர் 31தான் ஹாலோவீன். அக்டோபர் பிறந்தால் அமெரிக்கக் கடைகளில் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் குவிந்துவிடும். ஒருநாள் கூத்துக்கு மீசையை எடுக்க மனம் வராதவர்களுக்காக இந்தக் குறிப்பு.

முதலில் கல்லறைக்கல். டிவி வந்த பெட்டியிலுள்ள தெர்மோகோல் பலகை போதும். மேல்முனையை வளைவாக வெட்டுங்கள். ரம்பப்பல் கத்தி பிடித்தால் வீடெல்லாம் வெள்ளைத் துகள் பறக்கும். பிளேடை நீட்டி மடக்கும் கத்திக்கே என் ஓட்டு. எழுத்தைப் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி, அதே கோட்டில் மீண்டும் மீண்டும் ஓட்டினால் குழிவாக விழும். எங்கள் கல்லில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது பெயிண்ட். காரியம் கெடுவது இங்கேதான். சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகை சுருங்கிப் பள்ளமாகும். சுவருக்கு அடித்து மிஞ்சிய, தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்தான் சரி. சாம்பல் நிறத்தில் இரண்டு பூச்சு, முதலாவது நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. பின் கறுப்பைத் தண்ணீராகக் கரைத்து எழுத்துக்குழிகளில் ஓடவிட்டு, மேற்பரப்பை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். குழிக்குள் தங்கும் கறுப்பும் ஓரங்களில் வழிந்த கறையும் சேர்ந்து, பல மழை கண்ட கல் போலாகிவிடும்.

நட்டு வைக்கத் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்த மூங்கில் குச்சிகள் உதவும். அந்த நேரத்தில் அவை சும்மாதான் கிடக்கும். பலகையின் பின்னால் டக்ட் டேப் போட்டு ஒட்டிக் குச்சியைத் தரையில் ஆழமாக இறக்குங்கள். இரண்டு குச்சி அவசியம். ஒன்றே இருந்தால் காற்றில் கல்லறை சுழலும், பார்ப்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும்.

பேய்க்குக் காலியான ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) பால் கேன். நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரும். பின்பக்கம் கை நுழையும் அளவு ஓட்டை போட்டு, அடியில் இரண்டு பிடி மணல் கொட்டி, எல்இடி சரவிளக்கைச் சுருட்டி உள்ளே விடுங்கள். மெழுகுவத்தி கூடாது, பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கும். நடைபாதையோரம் வரிசையாக வைத்தால் போதும்.

பிற்சேர்க்கை: பேய் முகத்துக்காகக் கேனில் மார்க்கரால் வரைந்த கண் அழிந்துவிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். வழுவழுப்பான அந்தப் பிளாஸ்டிக்கில் மார்க்கர் மை சரியாகப் பிடிக்காது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கண், வாய் வடிவில் வெட்டி ஒட்டுங்கள். தண்ணீர் கேனில் செய்யலாமா என்று கேட்டவருக்கு: அது கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதால் உள்ளே கிடக்கும் ஒயர்தான் தெரியும். பால் கேன் மங்கலானது, வெளிச்சத்தை உடம்பெங்கும் பரப்பும்.

31ஆம் தேதி மாலை வாசல் விளக்கையும் போட்டுவிடுங்கள். அது அணைந்திருந்தால் இந்த வீட்டில் மிட்டாய் கிடையாது என்று பிள்ளைகள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.