ஸ்ட்ராண்ட்ஸில் சொல்லைத் தேடுவதுதான் முதல் தவறு

சிறுவர் இதழ்களில் வரும் எழுத்துக் கட்டம் ஞாபகம் இருக்கும். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், கண்ணில் பட்ட சொல்லைச் சுற்றி பென்சிலால் ஒரு வட்டம். மிச்சம் கிடக்கும் எழுத்துகள் வெறும் குப்பை. அந்தப் பழக்கத்தோடு ஸ்ட்ராண்ட்ஸ் ஆட வருகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் தடுமாறினேன்.

நியூயார்க் டைம்ஸ் 2024 மார்ச்சில் சோதனை முறையில் தொடங்கிய தினசரி ஆங்கிலப் புதிர் இது. அகலம் 6, உயரம் 8, ஆக 48 எழுத்துகள். மேலே ஒரு துப்பு வாசகம் இருக்கும். சொற்கள் எந்தப் பக்கமும் வளைந்து போகும், குறுக்காகவும் போகலாம். அன்றைய கருப்பொருளைச் சேர்ந்த சொல்லைப் பிடித்தால் நீல நிறம். கருப்பொருளையே சொல்லும் ஸ்பேங்ராம் கிடைத்தால் மஞ்சள்.

இதில் குப்பை எழுத்து என்று ஒன்று கிடையாது. 48 எழுத்தும் தலா ஒரு முறை, ஏதாவது ஒரு விடையில் சேர்ந்தே ஆக வேண்டும். அதனால் இது சொல் வேட்டையை விட ஜிக்சா படத்துக்குத்தான் நெருக்கம். ‘இங்கே என்ன சொல் தெரிகிறது?’ என்று பார்ப்பதைவிட, ‘இந்த எழுத்து வேறு எங்கே போக முடியும்?’ என்று கேட்பது பலன் தரும்.

அந்தக் கேள்வியை மூலையில் கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் நடுக்கட்டத்தில்தான் மேய்கிறார்கள். நடுவில் இருக்கும் எழுத்துக்கு எட்டுத் திசையிலும் அண்டை வீடு உண்டு, ஓரத்தில் ஐந்து, மூலையில் மூன்றே மூன்று. ஒரு சொல் மூலையில் தொடங்க வேண்டும், இல்லை முடிய வேண்டும், அதுவும் இல்லையென்றால் அந்த மூன்று அண்டை எழுத்துகளில் இரண்டைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். மூலையில் ‘க்யூ’ கிடந்து பக்கத்திலேயே ‘யூ’ இருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டு மூன்று சொற்கள் கிடைத்த பிறகு மிச்ச எழுத்துகள் தீவு தீவாகப் பிரியத் தொடங்கும். அப்போது நின்று எண்ணிப் பாருங்கள். விடைச் சொல்லுக்குக் குறைந்தது நான்கு எழுத்து வேண்டும். ஐந்து எழுத்து மட்டும் தனியாக ஒதுங்கிவிட்டால் அது ஒரே ஒரு சொல்தான். கலைத்துப் போட்டு யோசித்தால் வந்துவிடும். இதை எண்ணாமல் கட்டம் முழுக்க விரலால் கோலம் போடுவது வீண்.

எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஸ்பேங்ராமுக்கும் உதவும். அது எதிரெதிரான இரண்டு ஓரங்களைத் தொட வேண்டும் என்பது விதி. இடமிருந்து வலம் போக 6 எழுத்தாவது வேண்டும், மேலிருந்து கீழே வர 8 ஆவது வேண்டும். ஆக, ஐந்தெழுத்துச் சொல்லை ஸ்பேங்ராமாக நினைத்து மல்லுக்கட்ட வேண்டாம். அது இரண்டு சொற்கள் ஒட்டியதாகவும் இருக்கலாம். இன்னொன்று: ஓரத்தைத் ‘தொட’ வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, ஓரத்தில் தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. இது தெரியாமல் ஓர எழுத்துகளையே முதலெழுத்தாக வைத்து நான் பல காலைப் பொழுதுகளைக் கழித்திருக்கிறேன்.

துப்பு வாசகத்தை நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்வது அடுத்த சறுக்கல். பெரும்பாலும் அது சிலேடை. நானே கட்டிய உதாரணம்: ‘பேட்டர் அப்’ என்று துப்பு இருக்கிறது என்று வையுங்கள். பேஸ்பாலில் அடுத்து மட்டை பிடிப்பவரை அழைக்கும் வாசகம் அது. நாம் உடனே விளையாட்டுச் சாமான்களைத் தேடுவோம். ஆனால் பேட்டர் என்றால் மாவும்தானே? வாஃபிள், மஃபின், பான்கேக் என்று விடை போகும். கடையில் தோசை மாவுப் பாக்கெட்டில் தினமும் பார்க்கிற சொல்தான், அந்த நேரத்தில் மட்டும் நினைவுக்கு வராது.

நம்மவர்களுக்கென்றே ஒரு பள்ளமும் உண்டு. இது அமெரிக்க ஆங்கிலம். நாம் படித்தது பெரும்பாலும் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல். ‘கலர்’ என்ற சொல்லில் ‘யூ’ தேடினால் கிடைக்காது. ‘கிரே’ நிறத்துக்கு ‘இ’ அல்ல, ‘ஏ’. காய்கறிகள் என்று துப்பு வந்தால் ‘பிரிஞ்சால்’ அங்கே இருக்காது, ‘எக்பிளான்ட்’ இருக்கும். வெண்டைக்காய் ‘ஓக்ரா’. டார்ச் ‘ஃப்ளாஷ்லைட்’ ஆகிவிடும், லிஃப்ட் ‘எலிவேட்டர்’ ஆகிவிடும்.

‘எஸ்’ ஒரு தனித் தொல்லை. சரியான சொல்லையே இழுத்திருப்பீர்கள், நீலம் ஆகாது. பன்மைக்கான ‘எஸ்’ பக்கத்தில் அநாதையாக நிற்கிறதா என்று பாருங்கள். ஒருமையில் இழுத்த முயற்சியும் வீணில்லை. விடையில் இல்லாத சொல்லாக ஹின்ட் (திணறும்போது ஆட்டமே தரும் உதவி) கணக்கில் சேரும்.

அப்படி மூன்று சொற்கள் சேர்த்தால் ஒரு ஹின்ட். அதை எடுப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் உண்டு. சரி, அது அவரவர் விருப்பம். இந்த ஆட்டத்தில் தோற்க முடியாது, வாய்ப்புகளும் தீராது. அரை மணி நேரம் முறைத்துப் பார்ப்பதற்கு ஒரு ஹின்ட் எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. எடுக்கும் விதத்தில்தான் தவறு நடக்கிறது. முதல் ஹின்ட் ஒரு விடையின் எழுத்துகளை மட்டும் வட்டமிட்டுக் காட்டும். அதைத் தீர்க்காமலே இன்னொன்றை அழுத்தினால் புதிய சொல் கிடைக்காது. அதே சொல்லின் எழுத்து வரிசையைத்தான் காட்டும். ஏழெட்டு எழுத்துகளைக் கலைத்துப் பார்க்கப் பொறுமை இல்லாமல் ஒரு ஹின்ட்டைத் தொலைக்காதீர்கள்.

கடைசியாக, விடையை இணையத்தில் தேடுகிறவர்களுக்கு. புதுப் புதிர் அவரவர் ஊர் நள்ளிரவில் வருகிறது. சென்னையில் காலை எட்டு மணி என்றால் நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு. ‘இன்றைய விடை’ என்று கிடைப்பது நம்முடைய நேற்றைய புதிராக இருக்கலாம். தலைப்பை நம்பாமல் தேதியையும் துப்பு வாசகத்தையும் ஒத்துப் பாருங்கள். ஒருநாள் நான் இதைப் பார்க்காமல், இல்லாத ஸ்பேங்ராமைக் கட்டத்தில் கால் மணி நேரம் தேடிக்கொண்டிருந்தேன்.

இதே நேர வித்தியாசத்தால் டல்லாஸில் இருக்கும் அத்தை மகளிடம் வாங்கிக்கட்டியும் கொண்டேன். காலைக் காபியோடு முடித்த கட்டத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அவளுக்கு அந்தப் புதிர் இன்னும் வரவே இல்லை. பகிர்வதற்கென்று உள்ள பொத்தானை அழுத்தியிருந்தால் துப்பு வாசகமும் நீலம், மஞ்சள் புள்ளிகளும்தான் போயிருக்கும், ஹின்ட் எடுத்த இடத்தில் ஒரு பல்பு. இப்போது அதைத்தான் அனுப்புகிறேன். பல்புகளை எண்ணிக் கிண்டல் செய்கிறாள்.