வகுப்பு இணையதளத்தில் எதை வைப்பது? ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்புக்கென இணையதளம் தொடங்கும் ஆசிரியர்களில் பலர், முகப்பின் நிறத்தையும் படத்தையும் முதலில் முடிவுசெய்துவிட்டு, உள்ளே எதை வைப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடுகிறார்கள். அந்த வெற்றிடத்தைப் பெரும்பாலும் பாடநூலின் பக்கங்களே நிரப்புகின்றன. தமிழ்நாட்டில் 2018 முதல் படிப்படியாக வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் உள்ளன. நூல்களின் பிடிஎஃப் கோப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே அவற்றையே மறுபடி ஏற்றுவதால் மாணவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. பத்தாம் வகுப்பு ஒளியியல் கணக்குகளில் குழிலென்சின் குவியத் தொலைவுக்கு எதிர்க்குறி இட மறந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த வரியில் வழி தவறினார்கள் என்பது விடைத்தாள் திருத்திய ஆசிரியருக்கு மட்டுமே தெரியும். அந்த விளக்கத்தை அரைப் பக்கத்தில் எழுதி வைத்தால், அதற்கு ஈடாக வேறெந்தத் தளமும் எதையும் தர முடியாது.

படிப்பவர் கையில் இருக்கும் கருவியை மறப்பது அடுத்த பெரும் தவறு. பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து திரும்பிய பிறகுதான் செல்போன் பிள்ளையின் கைக்கு வருகிறது. அந்தச் சிறிய திரையில், பக்கவாட்டில் ஸ்கேன் செய்த இருபது பக்கக் கோப்பைத் திறந்து படிக்கச் சொல்வது நியாயமன்று. மேலும், கணினியில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை அப்படியே நகலெடுத்து ஒட்டினால், செல்போனில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. எல்லாக் கருவிகளிலும் எழுத்துகளை ஒரேபோல் காட்டும் யூனிகோடு என்ற குறியீட்டு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதால், பழைய குறிப்புகளை ஒருமுறை அதற்கு மாற்றி வைத்துக்கொள்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

மதிப்பெண் பட்டியலைப் பெயருடன் பொதுவெளியில் வைப்பதை நான் எந்நிலையிலும் ஏற்க மாட்டேன். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகக் கருதி, அவர்களுடைய தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கணக்கில் 35-ஐத் தொடாத ஒரு பிள்ளையின் பெயரை ஊரார் முன் நிறுத்த நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆண்டு விழாப் படங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஜூனில் தினமும் எழுதி, காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது நின்றுபோகும் தளங்கள் ஏராளம். வாரம் ஒரு பதிவு, அதுவும் வெள்ளிக்கிழமை மாலை என்று தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொண்டால், சனி, ஞாயிறில் எங்கே பார்ப்பது என்று மாணவருக்குத் தெரிந்திருக்கும். முடிந்துபோன தேர்வின் கால அட்டவணை முகப்பில் தொடர்ந்து கிடந்தால், பெற்றோர் அதைப் புதியது என்று எண்ணிக் குழம்புவர். தேர்வு முடிந்த அன்றே அதை அகற்றிவிட வேண்டும்.